ஏழு தணிச்சீட்டு

காலை ஆறரை மணிக்குத் தாண்டவமூர்த்தி இரண்டு கால்களையும் ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, மனத்தில் ஒன்றும் நினைக்காமல் இருக்கப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் நினைக்காமல் இருப்பது அவருக்கு வராது. நாற்பத்தெட்டு வயதில் அவர் ஒன்றும் நினைக்காமல் இருந்தது, மயக்க மருந்து கொடுத்துக் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்த ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கும் கண் விழித்ததும் முதல் காரியமாக டாக்டரிடம் சண்டை போட்டார்.

விருதுநகரில் அந்த நேரத்துக்கு வெளியூர் கிளம்புகிற எல்லார் வீட்டு வாசலிலும் இதே காட்சிதான். மாசி பிறந்துவிட்டால் ஆவணி முடியும்வரை, வண்டி ஏறுவதற்கு முன் அரைமணி நேரம் தணிப்பு. கால் வாளியில், கையில் மோர். அந்த அரைமணி நேரத்தில் செய்தி கேட்கக் கூடாது, பங்காளி பேச்சு எடுக்கக் கூடாது, பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது. தெருவில் யாராவது வாளியில் கால்விட்டு உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கூட ‘எங்கே பயணம்’ என்று கேட்காமல் சிரித்துவிட்டுப் போய்விடுவார். போகிற காரியத்துக்கு எங்கே என்று கேட்டால் தாண்டவமூர்த்திக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும்.

இத்தனைக்கும் அவர் செய்வது ஐஸ் தொழில். ஊருக்குள் பாதிப் பேர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதப்பது அவர் கம்பெனிக் கட்டிதான். ‘ஊருக்கெல்லாம் ஐஸ் வைக்கிறவன் தன் தலையில் வைத்துக்கொள்ளக் கூடாதா’ என்று அவர் மனைவி செண்பகவல்லி கேட்பாள். அவள் முந்தின நாளே சீர்த்தட்டுகளோடு கிளம்பிப் போய்விட்டாள். தங்கை மரகதத்தின் மகளுக்கு அன்று காலை கல்லுமடை அய்யனார் கோயிலில் காதுகுத்து.

குழந்தையின் பெயர் பனிமலர். அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் குளிர்ச்சியாகத்தான் பெயர். ஒரே பால்வாடியில் நான்கு பனிமலர், மூன்று தென்றல், இரண்டு ஊட்டிராஜா. பெயரில் இருந்த குளிர்ச்சி எந்தப் பிள்ளையின் குணத்திலும் இல்லை.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மரகதத்துக்கு உடன்பிறந்த அண்ணன் தாண்டவமூர்த்தி ஒருவர்தான். ஆனால் மரகதத்தின் கணவர் ஞானசிகாமணி, வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல், போனில் ஓர் அழைப்பிதழை அனுப்பிவிட்டார். அதில் பூ உதிர்ந்தது, நாதஸ்வரம் வாசித்தது, போதாக்குறைக்கு இரண்டு புறா வேறு பறந்தது. தாண்டவமூர்த்தி அந்தப் புறாக்களை மூன்று வாரமாக மன்னிக்கவில்லை. “முறையா அழைக்காத வீட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். சொன்னவர் இன்று ஏன் விடிகாலையில் பட்டுக்கரை வேட்டி கட்டி, வாளியில் கால்விட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், போவதாக இல்லைதான். போகத் தயாராக இருப்பதில் தவறில்லையே.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முந்தின இரவு செண்பகவல்லி போனில் சொன்ன செய்தி அவரைத் தூங்கவிடவில்லை. பத்து மணிக்குள் அண்ணன் வராவிட்டால், பெரியப்பா மகன் பரமகுருவின் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடுவது என்று அங்கே பேச்சு நடக்கிறதாம். பரமகுரு இப்போதே சில்க் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாராம். பரமகுருவுக்கு மடியும் பெரிது. நாளைக்கு அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் எந்த விசேஷத்திலும், ‘காது குத்தினது பரமகுரு மடியிலே’ என்று நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள். அதை நினைத்ததும் வாளித் தண்ணீர் வெதுவெதுப்பானதுபோல் அவருக்குத் தோன்றியது.

அப்போதுதான் ஒரு நீல நிற வண்டி சத்தமில்லாமல் வந்து வாசலில் நின்றது. இறங்கியவர் ஞானசிகாமணி. சூரியத் தகடு கழுவுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்குவார். கையில் தாம்பூலத் தட்டு.

‘வாங்க மாப்ள’ என்றுதான் தாண்டவமூர்த்தி சொல்ல நினைத்தார். “என்ன மாப்ள, வழி தவறி வந்துட்டீங்களா?” என்று வாய் சொன்னது.

“முறைப்படி அழைக்க வந்திருக்கேன், மச்சான்.”

தாண்டவமூர்த்தி தட்டைப் பார்த்தார். தேங்காய் இருந்தது, பழம் இருந்தது. வெற்றிலை இருந்த இடத்தில் ஏதோ கருகிச் சுருண்டிருந்தது.

“இது வெத்தலையா, பொகையிலையா?”

“கெளம்புறப்ப வெத்தலையாத்தான் இருந்துச்சு மச்சான். வெயில்.” எச்சில் விழுங்கினார். “உங்களக் கூட்டிட்டு வராம வீட்டுக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாதுன்னு மரகதம் சொல்லிருச்சு.”

தாண்டவமூர்த்தி வாளியிலிருந்து காலை எடுத்தார். மானம் ஒரு பக்கம், மடி ஒரு பக்கம். மடி வென்றது. “மரகதத்துக்காக வாரேன். உங்களுக்காக இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போனவர், தன் கம்பெனி ஐஸ் நான்கு கட்டிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, இடுப்பு வேட்டிக்குள் செருகிக்கொண்டு வந்தார். முறையற்ற காரியம்தான். ஆனால் அந்த மாப்பிள்ளையோடு எழுபத்து நான்கு கிலோமீட்டர் போக வேண்டுமென்றால், ஏதாவது செய்தாக வேண்டும்.

ஏன் செய்தாக வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பதினேழு ஆண்டுகளுக்கு முன் கோடைச் சாலைகளில் மனிதர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். டயர் வெடித்ததால் என்றார்கள், தார் இளகியதால் என்றார்கள், கானல் நீர் கண்ணை ஏமாற்றியதால் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு விபத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தபோது, பத்துக்கு ஏழு விபத்தில் உண்மையில் கொதித்தது மனிதன் தலைதான் என்று தெரிந்தது. ஒருவன் ஹாரன் அடித்தான். இன்னொருவன் பதிலுக்கு அடித்தான். முதலாமவன் ‘யாரைப் பார்த்து’ என்று முந்தினான். பின்சீட்டில் இருந்து ‘உங்களுக்கு ஓட்டவே தெரியாது’ என்று ஒரு குரல் வந்ததால் நடந்த விபத்துகளுக்கு விசாரணை அறிக்கையில் தனி அத்தியாயமே இருந்தது.

அப்படி வந்ததுதான் தண்மைச் சட்டம். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சினமானி. இருக்கையும் கைப்பிடியும் உள்ளே இருப்பவர்களின் நாடி, மூச்சு, உடம்புச் சூடு, குரல் எல்லாவற்றையும் அளந்து, சராசரி எடுத்து ஓர் எண்ணாகக் காட்டும். நாற்பதுவரை பச்சை. அதற்கு மேல் மஞ்சள், வண்டி தானாக மெதுவாகும். எழுபதைத் தாண்டினால் சிவப்பு. ஓட்டுநர் கையிலிருந்து வண்டி தன்னைத்தானே பிடுங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற தணிமடத்துக்குப் போய் நின்றுவிடும். எண் இறங்கினால்தான் மறுபடி நகரும். பத்தரை மணிக்குச் சங்கு ஊதினால் சாலையே மூடிவிடும். அதற்குமேல் தார் கூழாகிவிடும். மாலை ஐந்துக்குத்தான் திறப்பு. சங்கு நேரம் நெருங்கியும் எண் இறங்காத வண்டியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சட்டம் நல்ல சட்டம். கோடையில் சாலைச் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் கூடவே ஒரு வழக்கமும் வந்தது. மாசி பிறந்தால் உறவுக்காரர்கள் ஒரே வண்டியில் ஏறமாட்டார்கள். கணவன் ஒரு வண்டி, மனைவி ஒரு வண்டி. இருவர் பக்கத்திலும் முன்பின் தெரியாத யாரோ. முன்பின் தெரியாதவர்கள்மேல் யாருக்குக் கோபம் வரும்? சராசரியைக் குறைப்பதற்கென்றே ‘தணியாள்’ என்று ஒரு பிழைப்பு முளைத்திருந்தது. எதற்கும் அசையாத மனிதர்கள். வண்டியில் ஏறி எருமைமாட்டின்மேல் மழை பெய்ததுபோல் உட்கார்ந்திருப்பது அவர்கள் வேலை. ஞானசிகாமணியும் வரும்போது ஒரு தணியாளைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார். ஆனால் முகூர்த்த நாள். அந்தத் தணியாளுக்கு விருதுநகரில் வேறு ஒரு மாமியார்-மருமகள் காத்திருந்தார்கள். இறங்கிப் போய்விட்டார்.

ஆக, வண்டியில் இரண்டே பேர். ஞானசிகாமணி டயரில் காற்றைப் பார்த்தார், தண்ணீர்க் குடங்களை எண்ணினார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிமுகம் வைத்துக்கொண்டார். வண்டிமுகம் என்பது அந்தக் காலத்தில் எல்லாரிடமும் இருந்த ஒரு முகம்: உதடு லேசாகச் சிரிக்கும், கண் எதையும் பார்க்காது. தாண்டவமூர்த்தியும் பின்சீட்டில் அதை மாட்டிக்கொண்டார்.

“இனிய பயணம். எண் முப்பத்தாறு” என்றது வண்டியின் தணிகுரல். பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி ஒரு குரல்.

முதல் பத்து கிலோமீட்டர் பேச்சே இல்லை. பிறகு பேசாமல் இருப்பதே கோபம்போல் ஆகிவிடக் கூடாதே என்று இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“மழை பெய்யும்ங்கிறாங்க மச்சான்.”

“பெய்யட்டும் மாப்ள. நல்லாப் பெய்யட்டும்.”

“ஐஸ் யாவாரம் எப்படி?”

“நல்லா இருக்கு மாப்ள. ரொம்ப நல்லா இருக்கு.”

ஒவ்வொரு சொல்லும் தேனில் தோய்த்தது. எண் மட்டும் முப்பத்தாறிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு வந்திருந்தது. வண்டி மெதுவானது. தாண்டவமூர்த்தி இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் இருக்க வேண்டிய இடத்தில் தொளதொளவென்று ஒரு பை இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. பட்டுக்கரை வேட்டி முழங்கால்வரை நனைந்து, தண்ணீர் இருக்கை இடுக்கு வழியாக ஓடி, முன்சீட்டில் ஞானசிகாமணியின் செருப்புக்கடியில் போய்ச் சேர்ந்தது.

ஞானசிகாமணி குனிந்து பார்த்தார். கண்ணாடியில் மச்சானைப் பார்த்தார். சட்டென்று பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில் இருந்த மரியாதையும் இரக்கமும்தான் தாண்டவமூர்த்தியைக் கொன்றது.

“மாப்ள, நீங்க நெனக்கிற மாதிரி இல்ல.”

“நான் ஒண்ணும் நெனக்கல மச்சான். வயசுன்னா எல்லாருக்கும் வாரதுதான்.”

“வயசா? எனக்கா?”

அந்த நேரம் பார்த்துத் தணிகுரல் கனிவாகக் கேட்டது. “பின் இருக்கையில் ஈரம் கண்டறியப்பட்டுள்ளது. பயணிக்குக் கழிவறை உதவி தேவையா?”

எண் எழுபத்து மூன்று. சிவப்பு. வண்டி ஞானசிகாமணியின் கையிலிருந்து தன்னை உருவிக்கொண்டு, இடதுபுறம் ஒடித்து, ஒரு தணிமடத்தின் நிழலில் போய் நின்றது. மணி எட்டு இருபது.

தணிமடம் என்பது நான்கு பக்கமும் வெட்டிவேர்த் தட்டி தொங்கும் ஒரு நீளமான கூடம். மூலைக்கொரு பெஞ்சு, சண்டைக்காரர்களைத் தனித்தனியாக உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. கூடத்தைக் கவனித்துக்கொண்டவள் ஜெபமணி என்ற முப்பது வயதுப் பெண். நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். தாண்டவமூர்த்தியின் வேட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

“இது ஐஸும்மா” என்றார் தாண்டவமூர்த்தி.

“எல்லாரும் அதான் அண்ணாச்சி சொல்வாங்க” என்றாள் ஜெபமணி. “பெஞ்சுல உக்காருங்க. மோர் தாரேன். ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது.”

ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மோர் குடித்தார்கள். சுவரில் இருந்த சினமானிப் பலகையில் எண் எழுபத்தொன்றுக்கு இறங்கியது, எழுபத்து நான்குக்கு ஏறியது. எட்டே முக்கால். ஒன்பது. தாண்டவமூர்த்தியின் கண்முன் பரமகுரு மடியை விரித்து உட்கார்ந்திருந்தார். ஒன்பதேகால் ஆனபோது ஜெபமணி கத்தியைக் கீழே வைத்தாள்.

“இந்தா பாருங்க அண்ணாச்சி. பதினோரு வருசமா இங்கன இருக்கேன். வாய மூடிக்கிட்டு உக்காந்து எறங்குன எண்ண நான் பாத்ததே இல்ல. உள்ள கெடந்து வேகும், அவ்வளவுதான். விதிப்படி நான் பேச விடக் கூடாது. ஆனா தண்ணி டேங்க்கப் போயிப் பாத்துட்டு வர எனக்குக் கால்மணி நேரம் ஆகும். காதுல இதை மாட்டிக்கிட்டுத்தான் போவேன்.” காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ஒரு நுங்கை வாயில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

தாண்டவமூர்த்தி வண்டிமுகத்தைக் கழற்றினார்.

“போட்டோ எடுக்கிறப்ப என்னைத் தள்ளி நில்லுங்கன்னு சொன்னீங்களா இல்லையா?”

“அது போட்டோக்காரரு சொன்னது மச்சான்.”

“பால்காய்ப்புக்கு வந்தப்ப ஒரு காலு ஆடுற சேர எனக்குப் போட்டீங்களா இல்லையா?”

“எங்க வீட்ல எல்லா சேரும் அப்படித்தான் மச்சான்!”

“புறா அனுப்பினீங்களா இல்லையா? ரெண்டு புறா!”

பலகையில் எண்பது, எண்பத்தாறு, தொண்ணூற்றொன்று. தட்டியில் ஒட்டியிருந்த பல்லிகூட இடம் மாறிப் போனது. தாண்டவமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார். மேலே சொல்ல வேண்டியதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்து, அவருக்கே புதிதாகக் கேட்டது.

“அதெல்லாம் போகட்டும்யா. நாலு வருசம். நாலு கோடை லீவு. மரகதமோ வாத்திச்சி, மழைமாசத்துல பள்ளிக்கூடத்த விட்டு நகர முடியாது. லீவுக்குத்தான் பெறந்த வீட்டுக்கு வர முடியும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவள அனுப்பிச்சீங்களா? நான் வருசா வருசம் மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்கூடப் பெறந்தவ ஒருத்திதான்யா இருக்கா எனக்கு.”

ஞானசிகாமணி எச்சில் விழுங்கவில்லை. நேராக வண்டிக்குப் போனார். முன்பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்து மச்சான் கையில் வைத்தார். மஞ்சள் நிறச் சீட்டுகள். ஏழு. தணிமடத்தில் சிவப்பில் நிற்கும்போது வண்டி அடித்துக் கொடுக்கிற தணிச்சீட்டு.

தாண்டவமூர்த்தி முதல் சீட்டைத் தூரப் பிடித்துப் படித்தார். ‘பயணி: மரகதம். செல்லுமிடம்: விருதுநகர். எண்: எண்பத்தெட்டு. காரணம்: கோபம். திருப்பி அனுப்பப்பட்டது.’ இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலு கோடையில் மூன்று கோடைக்கு ஒவ்வொன்று. விட்டுப்போன கோடையில்தான் பனிமலர் பிறந்தாள்.

“எம்மேல அவளுக்கு இம்புட்டுக் கோவமா மாப்ள?” என்றார்.

“இப்படி நெனப்பீங்கன்னுதான் உங்ககிட்டக் காட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு” என்றார் ஞானசிகாமணி. “கோவமா? வண்டில ஏறுறப்ப சிரிச்சுக்கிட்டுத்தான் மச்சான் ஏறும். உங்களுக்கு அதிரசம் சுட்டு மடில வெச்சிருக்கும். பிள்ளைகிட்ட ‘மாமா வீட்டுக்குப் போறோம்’னு சொல்லும். சொன்ன ஒடனே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிரும், கண்ணுல தண்ணி வந்துரும். எண் கிறுகிறுன்னு ஏறும். இந்தச் சனியன் புடிச்ச வண்டிக்கு எல்லாமே கோவம்தான். வேற எழுதத் தெரியாது. ‘நாம வரலன்னா அண்ணன் உங்களத்தான் திட்டும், திட்டிட்டுப் போகட்டும். எனக்குக் கோவம்னு சீட்டுல பாத்துச்சுன்னா அண்ணன் சோறு திங்காது’ன்னு சொல்லிருச்சு.”

தாண்டவமூர்த்தி மிச்ச நான்கு சீட்டையும் புரட்டினார். அவற்றில் இருந்த பெயர் ஞானசிகாமணி.

“இது?”

“வெத்தல பாக்கு வெக்க நாலு தடவ கெளம்பினது. எனக்கு உங்கள நெனச்சாலே பயம் மச்சான். பாதி வழியில எண்பதுக்குப் போயிரும். தணியாள் யாரும் கெடைக்கல. கடைசில வேற வழியில்லாமத்தான் அந்தப் புறாவ அனுப்பினேன்.”

தாண்டவமூர்த்தி சீட்டுகளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன்னைக் கண்டு ஒரு மனிதன் நான்கு முறை பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறான் என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. நாலு வருஷமாக வாய்க்கு வந்தபடி திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் தோளைத் தொட நினைத்தார். கை பழகாததால் முழங்கையைத் தொட்டார்.

“புறா ஒண்ணும் மோசமில்ல மாப்ள” என்றார்.

ஜெபமணி பின்பக்கத்திலிருந்து வந்தபோது பலகையில் முப்பத்தொன்று என்று இருந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒம்போது முப்பத்தஞ்சு. கெளம்புங்க, கெளம்புங்க. தார் இளகப்போகுது.”

அதன்பிறகு வண்டி பறந்தது. தாண்டவமூர்த்தி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எண் இருபத்து நான்கு. தணிகுரல் பாராட்டுகூடத் தெரிவித்தது. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, கல்லுமடைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது போன் மணி அடித்தது. ஞானசிகாமணி யோசிக்காமல் வண்டியின் ஒலிபெருக்கியில் எடுத்துவிட்டார்.

“அண்ணே,” என்றது மரகதத்தின் குரல். “வந்துக்கிட்டு இருக்கியா?”

அவ்வளவுதான் அவள் சொன்னது. தாண்டவமூர்த்தி ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார். நாலு வருஷத்து மாடி அறை வெள்ளையெல்லாம் ஒரேயடியாகக் கண்முன் வந்து நின்றது. சினமானி நாற்பதைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது.

“மச்சான், வேணாம், வேற எதையாவது நெனைங்க! பரமகுருவ நெனைங்க!”

பரமகுருவை நினைத்ததில் எண்பத்து நான்கு ஆனது. வண்டி இடதுபுறம் ஒடித்து, கடைசித் தணிமடத்தில் போய் நின்றது. “காரணம்: கோபம்” என்று சொல்லி ஒரு மஞ்சள் சீட்டைத் துப்பியது.

“கோவம்டி உனக்கு!” என்று வண்டியைப் பார்த்துக் கத்திவிட்டு, தாண்டவமூர்த்தி கதவைத் திறந்து வெயிலில் குதித்தார்.

ஓட்டமும் நடையுமாக இரண்டு கிலோமீட்டர். ஞானசிகாமணி ஒரு கையில் குடையும் ஒரு கையில் தண்ணீர்க் குடமுமாகப் பக்கத்திலேயே ஓடி வந்தார். நூறு அடிக்கு ஒருமுறை குடத்தைச் சாய்த்து மச்சான் தலையில் கொஞ்சம் தண்ணீர். தார் இளக ஆரம்பித்துச் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒரு செருப்பு சாலையோடு போனது. அந்தக் காலில் தன் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் ஞானசிகாமணி. எதிரே கானலில் கோயில் கோபுரம் மிதந்தது. கிட்டப் போகப் போகத் தள்ளிப் போவதுபோல் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது.

கோயில் பந்தலுக்குள் அவர்கள் நுழையவும் பத்தரைச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. பரமகுரு மடியில் பனிமலரை அப்போதுதான் உட்கார வைத்திருந்தார்கள். நகைப் பத்தர் ஊசியை எடுத்துவிட்டார்.

“எந்திரிடா!” என்றார் தாண்டவமூர்த்தி.

அவரைப் பார்த்த யாருக்கும் எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. தலையெல்லாம் தண்ணீர், ஒற்றைச் செருப்பு, காலில் துண்டுக்கட்டு, வேட்டியில் சந்தேகத்துக்கிடமான ஈரம். பரமகுரு எழுந்துகொண்டார். தாண்டவமூர்த்தி பலகையில் உட்கார்ந்தார். மடியில் வைத்த குழந்தை, இந்த ஈரமான மாமாவை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தது. ஊசி பட்டதும் ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்துக் கத்தி, அவர் புறங்கையை நன்றாகக் கடித்துவிட்டது. அவர் கையை எடுக்கவே இல்லை.

மரகதம் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். “வேட்டில என்னண்ணே ஈரம்?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அழுதாள். அவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். அவள் புருஷனைப் பார்த்து முறைத்தாள். ஞானசிகாமணி தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

மாலை ஐந்துக்குச் சாலை திறந்ததும், வழக்கம்போல உறவுக்காரர்கள் பிரிந்து பிரிந்து முன்பின் தெரியாதவர்களின் வண்டிகளில் ஏறினார்கள். செண்பகவல்லியும் ஒரு தணியாளோடு கிளம்பிவிட்டாள். கடைசித் தணிமடத்தில் விட்டுவந்த நீல வண்டியை ஞானசிகாமணி ஓட்டி வந்து நிறுத்தினார்.

“நான் அண்ணன்கூடப் போறேன்” என்றாள் மரகதம்.

“எல்லாரும் ஒரே வண்டிலயா?” என்றார் ஞானசிகாமணி. “ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்.”

“ஏறுங்க மாப்ள” என்றார் தாண்டவமூர்த்தி.

முன்சீட்டில் ஞானசிகாமணி, பின்சீட்டில் மற்ற மூன்று பேர். முதல் தணிமடத்தில் இருபது நிமிடம். அடுத்ததில் முக்கால் மணி நேரம். பாதி வழியில் ஜெபமணியின் தணிமடத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்து, சாலையில் காற்றுக்கூட வர ஆரம்பித்திருந்தது. எண் எண்பத்தொன்று. ஜெபமணி தட்டியை விலக்கிப் பார்த்தாள்.

“திரும்பவுமா அண்ணாச்சி? இப்ப என்ன சண்டை?”

“சண்டையே இல்லம்மா” என்றார் தாண்டவமூர்த்தி. பனிமலர் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். புதுத்தோடு போட்ட காதைத் தொடாமல் அவள் தலையை ஒரு கையால் தாங்கியிருந்தார். பக்கத்தில் மரகதம் அதிரசத்தைப் பிட்டு அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெபமணி நான்கு பேரையும் ஒருமுறை பார்த்தாள். பலகையில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

“சண்டைன்னா அரைமணி நேரத்துல தீர்ந்துரும்” என்றாள். “சண்டை இல்லைன்னா ரொம்ப நேரம் ஆகுமே அண்ணாச்சி.”

“ஆகட்டும்மா” என்றார் அவர். “மோர் நாலு போடு.”